சிவப்பு நீல விளக்கு பின்னால் சுழன்றால்: அமெரிக்கச் சாலையில் ஓட்டுநரின் உரிமை, துப்பாக்கி வைத்திருப்பவரின் உரிமை

ஊரில் போலீஸ் கைகாட்டினால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, ஆர்.சி. புத்தகத்தையும் லைசன்ஸையும் எடுத்துக்கொண்டு எஸ்.ஐ. நிற்கும் இடத்துக்கு நாமே நடந்து போவோம். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் இது தலைகீழ். போலீஸ் வண்டி பின்னால் வந்து விளக்கைச் சுழலவிட்டால், வலப்பக்கம் ஒதுங்கி நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு இருக்கையிலேயே இருக்க வேண்டும். இறங்கி அவரை நோக்கி நடந்தால் தாக்க வருவதாகத்தான் அவருக்குப் படும்.

அங்கே புதிதாகப் போகிறவர்களுக்கு நண்பர்கள் இதைச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு அடுத்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. அதிகாரி எதைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும், எதற்கு ‘வேண்டாம்’ என்று சொல்லலாம், வண்டியில் துப்பாக்கி இருந்தால் கணக்கு எப்படி மாறும் என்பதை இங்கே பார்ப்போம். சாலையோரத்தில் வாதாடி யாரும் ஜெயிப்பதில்லை. அங்கே நீங்கள் சொல்கிற ஓரிரு வாக்கியங்களுக்குப் பலன் கிடைப்பது மாதங்கள் கழித்து, நீதிபதியின் முன்னால்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

நிறுத்துவதற்கே காரணம் வேண்டும்

1791-ல் ஏற்கப்பட்ட 4-வது சாசனத் திருத்தம், அரசு தகுந்த காரணமில்லாமல் ஒருவரைப் பிடித்து வைப்பதையும் சோதனை போடுவதையும் தடுக்கிறது. வண்டியைச் சில நிமிடம் ஓரங்கட்ட வைப்பதும் பிடித்து வைப்பதில்தான் சேரும். அதனால் நம்மூரில் பழகிப்போன பொதுவான வாகனச் சோதனை அங்கே செல்லாது. லைசன்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும், எந்தச் சந்தேகமும் இல்லாமல், தன் இஷ்டத்துக்கு ஒரு வண்டியை மறிக்கக்கூடாது என்று 1979-ல் டெலவேர் எதிர் பிரவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிக்க, வரிசையில் வரும் வண்டிகளை நிறுத்திப் பார்க்கும் சாவடிகள் இதற்கு விதிவிலக்கு. 1990-ல் மிச்சிகன் வழக்கு ஒன்றில் அதை அனுமதித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே வழக்கு ஊர் திரும்பியதும் மிச்சிகன் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், ‘எங்கள் மாநிலச் சாசனப்படி இது கூடாது’ என்று 1993-ல் தடுத்துவிட்டது. வாஷிங்டன் தருவது குறைந்தபட்சப் பாதுகாப்பு. மாநிலம் அதற்கு மேல் எவ்வளவும் தரலாம், குறைக்கத்தான் முடியாது.

காரணம் வேண்டும் என்றாலும், அது கிடைப்பது சுலபம். 1996-ல் வந்த ரென் தீர்ப்பைப் பாருங்கள். வாஷிங்டன் நகரில் மஃப்டி போலீஸார், ஸ்டாப் பலகை முன் 20 நொடிக்கு மேல் நின்ற ஒரு வண்டி சிக்னல் போடாமல் திரும்பியதும் நிறுத்தினார்கள். அவர்கள் தேடியது போதைப்பொருளை. போக்குவரத்து விதி வெறும் சாக்கு. சாக்காகவே இருந்தாலும் விதிமீறல் உண்மை என்றால் நிறுத்தியது செல்லும் என்றது நீதிமன்றம். 2014-ல் இன்னும் ஒரு படி போனார்கள். வட கரோலினாவில் ஒரு பிரேக் விளக்கு எரியவில்லை என்று ஒரு காரை நிறுத்தினார் அதிகாரி. அம்மாநிலச் சட்டப்படி ஒரு விளக்கு எரிந்தாலே போதும் என்பது பிறகுதான் தெரியவந்தது. அதிகாரி சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டது நியாயமான தவறுதான், ஆகவே நிறுத்தியது சரி என்று தீர்ப்பு. சட்டம் தெரியாது என்று நாம் சொன்னால் எடுபடாது. அவர் சொன்னால் எடுபடுகிறது!

ஆகவே ‘ஏன் நிறுத்தினீர்கள்’ என்று ஜன்னலில் மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி முதல், கேள்வி கேட்பதற்கு முன் நிறுத்திய காரணத்தை அதிகாரியே சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மற்ற இடங்களில் பணிவாக ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடலாம்.

கொடுத்தாக வேண்டியவை

லைசன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் மூன்றும் கேட்டால் காட்ட வேண்டும். கண்ணாடியை இறக்கி, இருட்டாக இருந்தால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வையுங்கள். அவர் கேட்ட பிறகு, ‘கிளவ் பாக்ஸில் இருக்கிறது, எடுக்கட்டுமா’ என்று சொல்லிவிட்டு எடுங்கள். அவர் நடந்து வரும்போதே குனிந்து தேடிக்கொண்டிருந்தால், பின்னாலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் எதையோ ஒளிக்கிறீர்கள், அல்லது எதையோ எடுக்கிறீர்கள்.

‘கீழே இறங்குங்கள்’ என்றால் இறங்கித்தான் ஆக வேண்டும். 1977-ல் பென்சில்வேனியா எதிர் மிம்ஸ் வழக்கு இதைத் தீர்த்துவைத்தது. நம்பர் பிளேட் காலாவதியானதற்காக பிலடெல்ஃபியாவில் ஒருவரை நிறுத்தி இறங்கச் சொன்னார்கள். இறங்கியவரின் சட்டைக்குள் புடைப்பு தெரிந்தது. உள்ளே குண்டு நிரப்பிய ரிவால்வர். அதிகாரியின் பாதுகாப்புக்காக ஓட்டுநரை இறங்கச் சொல்வதற்குத் தனிச் சந்தேகம் தேவையில்லை என்றார்கள். 1997-ல் இது உடன் வருகிறவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது.

கேள்விகள் வேறு சங்கதி. ‘எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் தெரியுமா?’, ‘எங்கே போய்விட்டு வருகிறீர்கள்?’ என்பதெல்லாம் நலம் விசாரிப்பு மாதிரி தொனிக்கும். பதிலெல்லாம் குறிப்பில் ஏறும். ‘மௌனமாக இருக்க உங்களுக்கு உரிமை உண்டு’ என்று சினிமாவில் கேட்ட எச்சரிக்கை, சாதாரண டிராஃபிக் நிறுத்தத்தில் சொல்லப்படாது. சொல்ல வேண்டியதில்லை என்று 1984-லேயே தீர்ப்பு இருக்கிறது. எச்சரிக்கை வராவிட்டாலும் உரிமை இருக்கத்தான் செய்கிறது. ‘அதற்குப் பதில் சொல்ல விரும்பவில்லை, ஆபீசர்’ என்று அமைதியாகச் சொல்லலாம். பொய் மட்டும் சொல்லக்கூடாது. பதில் சொல்லாததால் வரும் சங்கடத்தைவிடப் பொய் இழுத்துவிடும் வம்பு பெரிது.

‘வண்டியைக் கொஞ்சம் பார்க்கலாமா?’

நம்மவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்று வளர்ந்தவர்கள் நாம். ‘தாராளமாப் பாருங்க சார், ஒண்ணும் இல்ல’ என்பது நாக்கின் நுனியில் நிற்கும். மறுத்தால் சந்தேகப்படுவாரோ என்ற பயம் வேறு. அந்த ஒரு வார்த்தையில் 4-வது திருத்தம் தந்த பாதுகாப்பு முழுவதையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். பழைய கார் வாங்கியிருக்கிறீர்கள், முந்தைய உரிமையாளர் சீட்டுக்கு அடியில் எதை விட்டுப் போனார் என்று தெரியாது. ரூம்மேட்டின் பை பின்னால் கிடக்கிறது. உங்கள் மடியில் கனமில்லை, வண்டியில் இருக்கலாமே.

இன்னொரு கோணத்திலும் பாருங்கள். மதுவிலக்குக் காலத்தில் மிச்சிகன் சாலையில் ஒரு காரின் இருக்கை உறையைக் கிழித்துப் பார்த்தபோது 68 விஸ்கி, ஜின் பாட்டில்கள் கிடைத்தன. அந்தக் கரோல் வழக்கில் 1925-ல் தீர்ப்பு வந்தது முதல் ஒரு விதி உண்டு. குற்றப் பொருள் உள்ளே இருக்கிறது என்று நம்ப வலுவான காரணம் இருந்தால் வண்டியைச் சோதிக்க வாரண்ட் வேண்டாம், உங்கள் அனுமதியும் வேண்டாம். ஜன்னல் வழியாகக் கண்ணில் படும் பொருள் அப்படிப்பட்ட காரணமாகலாம். அந்தக் காரணம் கையில் இருக்கும் அதிகாரி பொதுவாக உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். கேட்கிறார் என்றால் அநேகமாக அது அவரிடம் இல்லை.

மறுக்கலாம் என்ற தகவலை அவர் சொல்ல வேண்டியதில்லை. 1973-லும் 1996-லும் வந்த வேறு இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அப்படித்தான் சொல்கின்றன. நியூஜெர்சி இதில் விதிவிலக்கு. சந்தேகத்துக்கு அடிப்படை இல்லாமல், நிறுத்திய வண்டியைச் சோதிக்க அனுமதி கேட்கவே கூடாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2002-ல் சொல்லியிருக்கிறது. அம்மாநிலத்தின் எடிசன் ஊர்ப் பக்கம் இருக்கும் நம்மவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

சொல்ல வேண்டிய வாக்கியம் சின்னது: ‘ஆபீசர், ஐ டோன்ட் கன்சென்ட் டு எ சர்ச்’ (சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை). குரலை உயர்த்தாமல், ஒரு தடவை. அதையும் மீறி அவர் கதவைத் திறந்தால் தடுக்காதீர்கள். கையை நீட்டினால் அதுவே தனிக் குற்றம். அவர் உடல் கேமரா அணிந்திருந்தால் நீங்கள் மறுத்தது அதில் பதிந்திருக்கும். தகாத முறையில் எடுத்த ஆதாரத்தை மாநில நீதிமன்றங்களும் ஏற்கக்கூடாது என்று 1961 முதல் விதி இருக்கிறது. உங்கள் வழக்கறிஞர் அந்த விதியைப் பிடித்துக்கொள்ள அன்றைக்கு நீங்கள் சொன்ன ‘நோ’ வேண்டும்.

நேரத்துக்கும் எல்லை உண்டு. 2012 மார்ச்சில், நள்ளிரவு தாண்டி, நெப்ராஸ்காவில் ஒரு கார் சாலையோரக் கோட்டைச் சற்றுத் தாண்டியதற்காக நிறுத்தப்பட்டது. லைசன்ஸ் பார்த்தார்கள், எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கையிலும் கொடுத்தாயிற்று. அதன் பிறகு, போதைப்பொருளை மோப்பம் பிடிக்கும் நாயைக் காரைச் சுற்றி நடத்தலாமா என்று கேட்டார் அதிகாரி. ஓட்டுநர் மறுத்தார். இன்னொரு அதிகாரி வரும்வரை காக்க வைத்து நாயை நடத்தியதில் ஏழெட்டு நிமிடம் கூடுதலாகப் போனது. நாய் காட்டிக்கொடுத்தது, போதைப்பொருள் கிடைத்தது. அந்த ஓட்டுநர் ராட்ரிகஸின் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: சீட்டு எழுதும் வேலை முடிந்ததும் நிறுத்தி வைக்கும் அதிகாரமும் முடிகிறது, புதிய சந்தேகம் இல்லாமல் அதை இழுக்கக்கூடாது. நாடு முழுக்க விதி மாறியது. ராட்ரிகஸுக்கு மட்டும் அது உதவவில்லை. அன்றைக்கு அந்தப் பகுதியில் நடப்பிலிருந்த தீர்ப்புகளை நம்பித்தான் அதிகாரி செயல்பட்டார் என்று சொல்லி, கீழே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்துவிட்டது. சீட்டு கைக்கு வந்ததும், ‘ஆம் ஐ ஃப்ரீ டு கோ?’ (நான் போகலாமா?) என்று கேட்டுவிடுங்கள். ‘ஆம்’ என்றால் கிளம்பலாம். ‘இல்லை’ என்றால், எந்த நிமிடம் முதல் உங்களைப் பிடித்து வைத்தார்கள் என்பது பதிவாகிவிடும்.

செல்போனைப் பார்க்க வாரண்ட் வேண்டும், 2014 ரைலி தீர்ப்பு. கைது செய்தால்கூட இதே விதிதான். மூச்சுச் சோதனையும் ரத்தச் சோதனையும் ஒன்றல்ல. குடித்து ஓட்டியதாகக் கைது செய்த பிறகு மூச்சுச் சோதனைக்கு வாரண்ட் வேண்டாம், ரத்தம் எடுக்க அநேகமாக வேண்டும்.

துப்பாக்கி இருக்கும் வண்டி

2-வது திருத்தம் தனிமனிதருக்கு ஆயுத உரிமை தருகிறது என்று 2008-ல் ஹெல்லர் தீர்ப்பு சொன்னது. வீட்டுக்கு வெளியிலும் கைத்துப்பாக்கி எடுத்துப்போகலாம் என்றது 2022 ஜூனில் வந்த ப்ரூயன். இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், தகுதியுள்ள பெரியவர் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போகலாம். இவ்வளவு பெரிய உரிமை, ஜன்னலருகே போலீஸ் நிற்கும் அந்த நிமிடங்களில் எவ்வளவு சுருங்குகிறது என்பதுதான் புரிந்துகொள்ள வேண்டியது.

நீங்கள் ஆயுதம் வைத்திருக்கிறீர்கள், ஆபத்தானவர் என்று நம்ப நியாயமான அடிப்படை இருந்தால் அதிகாரி உங்கள் உடைக்கு மேலாகத் தடவிப் பார்க்கலாம், காருக்குள் கைக்கெட்டும் இடங்களையும் பார்க்கலாம். ஆயுதம் இருந்தாலே ஆபத்தானவரா? மேற்கு வர்ஜீனியாவில் சீட் பெல்ட் போடாத ஒருவரிடம் துப்பாக்கி இருப்பதாகத் தகவல் வந்து தடவிப் பார்த்த வழக்கில், ‘ஆம், துப்பாக்கி சட்டப்படி இருக்கக்கூடியதே என்றாலும்’ என்று 4-வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-ல் சொன்னது. ஓர் உரிமையைப் பயன்படுத்துகிறவர் இன்னோர் உரிமையில் ஒரு துண்டை இழக்கிறார் என்றுதான் இதற்கு அர்த்தம். எனக்கு இது ஒப்பவில்லை. ஆனால் மேரிலாண்ட் முதல் தென் கரோலினா வரை அந்த வட்டாரத்தில் இதுதான் விதி.

துப்பாக்கி இருப்பதை நீங்களாகச் சொல்ல வேண்டுமா? மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மிச்சிகன், வட கரோலினா, அலாஸ்கா போன்ற இடங்களில் அதிகாரி வந்ததுமே சொல்லியாக வேண்டும். ஒஹையோவில் 2022 ஜூன் வரை அப்படி இருந்தது, இப்போது கேட்டால் மறைக்கக்கூடாது, அவ்வளவுதான். டெக்சஸில் உரிமம் வாங்கியவர், அடையாளம் கேட்கும்போது லைசன்ஸோடு அந்த அட்டையையும் சேர்த்துக் காட்ட வேண்டும். வேறு பல இடங்களில் கேட்காதவரை சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் சொல்வதா வேண்டாமா என்பது பழைய சர்ச்சை. அதில் எந்தப் பக்கம் நின்றாலும் ஃபிலாண்டோ கேஸ்டிலைக் கடந்து போக முடியாது. 32 வயது, மினசோட்டாவில் ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் வேலை, துப்பாக்கி வைத்துக்கொள்ள முறையான உரிமம். 2016 ஜூலை 6 மாலை, ஃபால்கன் ஹைட்ஸ் என்ற ஊரில், பிரேக் விளக்கைக் காரணம் காட்டி அவர் காரை நிறுத்தினார்கள். லைசன்ஸும் இன்ஷூரன்ஸும் கேட்டார் அதிகாரி. இன்ஷூரன்ஸ் அட்டையைக் கொடுத்துவிட்டு, தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகத் தானே சொன்னார் கேஸ்டில். அம்மாநிலச் சட்டப்படி கேட்காமல் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட அவருக்கு இல்லை. ‘அதை எடுக்காதீர்கள்’ என்றார் அதிகாரி. ‘எடுக்கவில்லை’ என்றார் இவர். சில நொடிகளில் அதிகாரி 7 முறை சுட்டார். பக்கத்தில் கேஸ்டிலின் காதலி, பின் இருக்கையில் அந்தக் காதலியின் 4 வயது மகள். அதிகாரியை 2017 ஜூனில் ஜூரி விடுவித்தது.

இதிலிருந்து அவர் செய்த தவறு என்ன என்று தேடுவது அநியாயம். துப்பாக்கிப் பயிற்சி தருகிறவர்கள் இன்று சொல்வதை மட்டும் சொல்கிறேன். கை ஸ்டீயரிங்கை விட்டு அகலக்கூடாது. ‘கன்’ என்ற சொல்லோடு பேச்சைத் தொடங்காதீர்கள். ‘எனக்கு உரிமம் இருக்கிறது, துப்பாக்கி இடுப்பின் வலப்பக்கம் இருக்கிறது, நான் என்ன செய்யட்டும்?’ என்று கேட்டுவிட்டு அசையாமல் இருங்கள். எடுத்துக் காட்ட முயலவே கூடாது. பணப்பையும் துப்பாக்கியும் இடுப்பின் ஒரே பக்கம் இருக்க வேண்டாம். ரிஜிஸ்ட்ரேஷன் காகிதம் கிளவ் பாக்ஸில் என்றால் துப்பாக்கி அங்கே இருக்கக்கூடாது. காகிதத்துக்காகத் திறந்ததும் முதலில் தெரிவது பிஸ்டலாக இருந்தால் மிச்சத்தைப் பேச அவகாசம் கிடைக்காது.

மாநில எல்லை இன்னொரு பொறி. ஓட்டுநர் லைசன்ஸ் 50 மாநிலத்திலும் செல்லும், துப்பாக்கி உரிமம் அப்படியில்லை. 2013-ல் பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஒரு பெண், பென்சில்வேனியா உரிமத்தோடு கைப்பையில் துப்பாக்கி வைத்துக்கொண்டு பக்கத்து நியூஜெர்சிக்குப் போனார். லேன் மாறியதில் தவறு என்று நிறுத்தியபோது, நேர்மையாக விஷயத்தைச் சொல்லி உரிமத்தையும் எடுத்துக் காட்டினார். நியூஜெர்சியில் அது செல்லாது. கைதானார், கட்டாயச் சிறைத்தண்டனையைத் தரும் சட்டப்பிரிவில் மாட்டினார். பெரும் எதிர்ப்புக்குப் பிறகு அவரைச் சிறைக்குப் பதிலான மாற்றுத் திட்டத்தில் சேர்த்தார்கள். 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். பல மாநிலங்களைக் கடந்து போகிறவர்களுக்கு 1986-ன் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று வழிவிடுகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துப்போகவும் உங்களுக்குச் சட்டப்படி அனுமதி இருக்க வேண்டும். தோட்டாவை வெளியே எடுத்திருக்க வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் இருக்கும் பகுதியிலிருந்து கைக்கு எட்டக்கூடாது. டிரங்க் தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். கிளவ் பாக்ஸையும் முன் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கன்சோலையும் பூட்டினால் அது கணக்கில் வராது.

விசாவில் இருப்பவர்கள்

எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் தடை போடுகிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. ‘வைத்திருப்பது’ என்றால் சொந்தமாக வாங்குவது மட்டுமில்லை. வார இறுதியில் நண்பர்களோடு சுடும் பயிற்சிக்கான ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் சுடுவதும் அதில் வரும். 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹாய்ஃப் வழக்கின் தொடக்கம் அதுதான். ஃபுளோரிடாவில் மாணவர் விசாவில் வந்து, படிப்பிலிருந்து நீக்கப்பட்ட ஓர் இளைஞர், ரேஞ்சில் போய்ச் சுட்டார். தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதாவது, தெரிந்தே செய்பவருக்குத் தப்ப வழியில்லை. அதிகபட்சத் தண்டனை இப்போது 15 ஆண்டு. துப்பாக்கிக் குற்றம் நாடுகடத்தலுக்கும் தனிக் காரணம்.

இதைச் சாலையோரத்தோடு பொருத்திப் பாருங்கள். நண்பர் அமெரிக்கக் குடிமகன், அவருடைய பிஸ்டல் உங்கள் காரின் கன்சோலில், ஓட்டுவது நீங்கள். அவருக்கு அது சட்டப்படியான துப்பாக்கி. அது அங்கே இருப்பது உங்களுக்குத் தெரிந்து, கைக்கு எட்டும் இடத்திலும் இருந்தால், உங்கள் வசம் இருந்ததாக அரசுத் தரப்பு வாதாடலாம். கஞ்சாவும் இப்படித்தான். மாநிலம் அனுமதித்தாலும், கஞ்சா பழக்கமுள்ளவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. இப்படி ஏதாவது உங்களைத் தொடும் என்றால், என் கட்டுரையை மூடிவிட்டுக் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

சீட்டு கைக்கு வந்த பிறகு

டிக்கெட்டில் கையெழுத்துக் கேட்டால் போட்டுவிடுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது, கோர்ட்டுக்கு வருகிறேன் அல்லது அபராதம் கட்டுகிறேன் என்ற வாக்குதான் அது. மறுத்தால் சில மாநிலங்களில் கைது செய்யலாம். சின்ன மீறலுக்கே கைது செய்ய அதிகாரம் இருக்கிறது. டெக்சஸில் பிள்ளைகளோடு போன ஒரு தாயை, 50 டாலருக்கு மேல் அபராதம் போட முடியாத சீட் பெல்ட் விவகாரத்துக்குக் கைவிலங்கு மாட்டிக் கொண்டுபோனது சரிதான் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடந்தது தகாது என்று தோன்றினால் பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் நேரம், இடம், பேட்ஜ் எண், யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதி வையுங்கள். உடல் கேமராப் பதிவைச் சீக்கிரமே கேளுங்கள், பல ஊர்களில் கொஞ்ச காலம் கழித்து அழித்துவிடுவார்கள். கோர்ட் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். போகாமல் இருந்தால் பல இடங்களில் லைசன்ஸை முடக்குவார்கள், வாரண்டும் போடலாம். அடுத்த முறை எந்த ஊரில் எதற்காக நிறுத்தினாலும், அதிகாரி தன் வண்டிக்குத் திரும்பிப் போய் உங்கள் பெயரைத் தட்டியதும் முதலில் அதுதான் திரையில் வரும்.